தி இன்னசன்ட்ஸ் (1961) ப்ளூரே: இந்த இருட்டு தட்டின் கோளாறா?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. ஜாக் கிளேட்டன் இயக்கிய இந்தப் பேய்ப் படத்தின் புதுப்பித்த ப்ளூரே கிடைத்தது. தோட்டத்துச் சாளையில் எல்லாரும் படுத்தபிறகு போட்டேன். எடுத்ததுமே திரை முழுக்க இருட்டு, சின்னப்பிள்ளை பாடுகிற குரல் மட்டும் கேட்கிறது. அப்புறம் பல காட்சிகளில் இரண்டு ஓரமும் இருண்டே கிடக்கிறது. தட்டு கோளாறா, டிவி கோளாறா? அம்மாவுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படமென்றால் உயிர். நல்லபடியாகக் காட்ட வேண்டும்.

நொய்யல்கரை:
இரண்டுமே நன்றாகத்தான் இருக்கிறதுங்க. அந்தப் பாட்டும் இருட்டும் படத்தின் தொடக்கமே. ஓர இருட்டு ஒளிப்பதிவாளர் ஃபிரெடி பிரான்சிஸின் கைவேலை. சினிமாஸ்கோப் என்கிற அகலத் திரை முறையில்தான் எடுக்க வேண்டுமென்று ஸ்டுடியோ சொல்லிவிட்டது. இந்தக் கதைக்கு அத்தனை அகலம் ஆகாது என்று, கேமரா லென்ஸுக்கு வைக்கிற ஃபில்டர்களின் ஓரத்தில் வண்ணம் பூசி மங்கவைத்தார். நாயகி டெபோரா கெர் மெழுகுவத்தியோடு ராத்திரி வீட்டைச் சுற்றுகிற இடத்தில் பாருங்கள், வெளிச்சம் அவர் முகத்தைத் தாண்டிப் போகவே போகாது. என்ன அழகு!

காங்கேயத்துக்காரி:
தம்பி, மேலே கீழே கறுப்புப் பட்டை வருகிறதென்று ஜூம் மட்டும் போட்டுவிடாதீங்க, பக்கவாட்டுப் படம் வெட்டுப்படும். டிவியில் பிக்சர் மோடை சினிமாவுக்கு மாற்றி, அசைவை வழவழப்பாக்குகிற மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்க. படத்தில் ஓரிடத்தில், ஏரிக்கு அக்கரையில், கோரைக்குள்ளே, பட்டப்பகலில் கறுப்பு உடுப்போடு ஒருத்தி சும்மா நிற்பாள். அவ்வளவுதான். நான் பார்த்த பேய்க் காட்சிகளில் அதற்கு ஈடு கிடையாது.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க அக்கா. ஜூம் போட்டுத்தான் வைத்திருந்தேன், இப்போதே எடுத்துவிடுகிறேன்.