புதுப்பிப்பு: பழைய பாக்ஸ்டரா, மியாட்டாவா? வாங்கியாச்சு

கூரையைத் திறந்து ஓட்டும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைத்து, பழைய போர்ஷே பாக்ஸ்டர் எடுப்பதா, மாஸ்டா மியாட்டாவா, பணம் மொத்தமாகவா கடனா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மியாட்டாதான். நான் பார்த்த பாக்ஸ்டர் 2003 மாடல். அந்தக் கால எஞ்சினில் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) உடைந்தால் பெரும்பாலும் எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லை, விட்டுவிட்டேன்.

மிகவும் உதவியது, "துணிக்கூரையின் வடிகால் துளையைப் பாருங்கள்" என்ற யோசனை. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துளையைக் குப்பை அடைத்தால், தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பகுதியில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். முதலில் பார்த்த மியாட்டா வெளியே பளபளவென்று இருந்தது. கதவுக்கு அடியில் கொப்புளம் போலிருந்த இடத்தை விரலால் அழுத்தினேன், பெயிண்ட் துருவோடு பொலபொலவென உதிர்ந்தது. அடுத்த வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்து, கம்ப்ரஷன் டெஸ்டும் (எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) செய்த பிறகே சரி என்றேன்.

எதிர்பாராதது, விற்றவரின் கடன் இன்னும் அந்த வண்டி மேல் இருந்தது. பாக்கியை நேராக அவருடைய வங்கியிலேயே கட்டினேன். கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வந்த அப்புறம்தான் மிச்சத்தை அவரிடம் கொடுத்தேன். பாதி சேமிப்பு, பாதி கடன். டயருக்கும் பிரேக்குக்கும் தனியாக ஒதுக்கி வைத்த பணம் உடனே தேவைப்பட்டது.