மார்கழியில உங்களுக்கு எழுத வருதா?

கேள்வி: காரைக்குடிங்க. கோயில் மைக் நாலரைக்கே எழுப்பிவிட்ருது, சரி நாவலை முடிச்சிரலாம்னு உக்காந்தா ஆத்தங்குடிக் கல்லுத் தரை ஐஸ் மாதிரி, கால மடக்கி வச்சுக்கிட்டு மூணு காபி குடிக்கிறேன், அப்புறம் வெயில் வந்ததும் திண்ணை, பேப்பர், தூக்கம். எழுதினது நாலு வரி. இதுல ஆயிரம் ரூபாய்க்கு மைப்பேனா வேற வாங்கிருக்கேன், வீட்ல சொல்லல.

வளவுப்பூனை: அண்ணே, நான் மங்கி கேப் போட்டுக்கிட்டு எழுதுறேன்னு பேரன் சிரிக்கிறான். ஆனா வீட்டு நடுவுல அந்த வெயில் விழுற வளவு, அதான் முற்றம், இருக்கே, அதுக்கு ஒரு நாவல் போனா போகுது.

கோட்டையூர் ஆச்சி: தம்பி, நம்ம நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பு வரட்டும். திருக்கார்த்திகைலருந்து 21 நாள், 21 நூல்ல திரி, மாவுல வச்சு ஏத்தி எரியிறப்பவே வாயில போடணும். சின்னதுல பயந்து ஊதிட்டு போட்டேன், அத்தை விட்ட திட்டு இன்னும் காதுல இருக்கு. அதை எழுதுங்க.

கேட்டவர்: ஆச்சி, எழுத உக்காந்தேன். கருப்பட்டிப் பணியாரம் வந்துருச்சு. பேனால எண்ணெய்.