நேர் ஓட்டத்தில் என் படகுதான் முன்னால், ஆனால் போட்டியில் தோற்கிறேன்

டிக்கோயா_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் ஏழெட்டுப் பேர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் காற்றுப் படாத ஓரமாகப் பார்த்து, தண்ணீர் கேன்களை மிதவையாகக் கட்டி, ரிமோட் படகு ஓட்டுகிறோம். ஆறு சுற்று, வலப்பக்கமாகத்தான் வளைய வேண்டும். என்னுடையது 69 சென்ரிமீற்றர் நீள மோனோ (ஒற்றை உடல் படகு), 4எஸ் (நாலு செல்) லைப்போ பற்றரி, 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டர், 42 மில்லிமீற்றர் புரொப்பெல்லர். நேராக விட்டால் யாரும் கிட்ட வர முடியாது. ஆனால் ஒரு தடவை வளைவில் வலப்பக்க மூக்கு தண்ணீரில் குத்திக் கவிழ்ந்தது, அடுத்த தடவை நாலாவது சுற்றில் மோட்டர் கொதித்து நின்றது, போன ஞாயிறு உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. மூன்று தடவையும் வென்றவரின் படகு என்னுடையதைவிட மெதுவானது. சம்பளம் வந்ததும் பெரிய மோட்டர் வாங்கலாமா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

நானுஓயா_அண்ணன்:
தம்பி, மோட்டர் வாங்க வேண்டாம், அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட வேகக் குறைவால் வந்த தோல்வி இல்லை.

கணக்குப் பாருங்கள். 4எஸ் என்றால் 14.8 வோல்ட், அதை 2000ஆல் பெருக்கினால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. அதுவே தாராளம். அந்தச் சுழற்சிக்கு 42 புரொப் போட்டால் மோட்டர் தண்ணீரை வெட்டவே மூச்சு முட்டும், விட்டம் கொஞ்சம் கூடினாலும் சுமை மளமளவென ஏறும். 40க்கு இறங்குங்கள். நேர் ஓட்டத்தில் வேகம் சிறிது குறையும், வளைவு முடிந்து எழும்பும்போது அது திரும்பக் கிடைக்கும். இரண்டு நிமிடம் ஓட்டிக் கரைக்கு எடுத்த உடனே மோட்டரில் விரல் வையுங்கள், ஐந்து செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால் சூடு அதிகம்.

அப்புறம் ஃப்ளெக்ஸ் ஷாஃப்டை, அதாவது மோட்டர் சுழற்சியைப் புரொப்புக்குக் கொண்டுபோகும் கம்பிக்கயிற்றைப் பாருங்கள், இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. புரொப்பைப் பிடிக்கிற டிரைவ் டாக்குக்கும், ஷாஃப்டைப் பின்னால் தாங்குகிற ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் 3 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். சுமை ஏறும்போது அந்தக் கம்பிக்கயிறு முறுக்கிக்கொண்டு குறுகும். இடைவெளி இல்லையென்றால் டாக் ஸ்ட்ரட்டை அழுத்திப் பிடித்து பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும், சூடு வருகிற வழிகளில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்ததும் ஷாஃப்டை வெளியே இழுத்துத் துடைத்து கிரீஸ் போடுங்கள்.

மூக்குக் குத்துவதற்கு: பற்றரி, மூடி எல்லாம் வைத்து, இரண்டு பக்கமும் விரலால் தாங்கிப் படகு எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். மோனோவுக்குப் பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதம் அளவில் இருக்க வேண்டும், உங்களுக்கு ஏறக்குறைய 21 சென்ரிமீற்றர். அதைவிட முன்னால் போனால் வளைவில் குத்தும், மிகப் பின்னால் போனால் காற்றில் மூக்குத் தூக்கிப் புரளும். வலப்பக்கம் அமுங்குவது புரொப் சுழலும் எதிர்விசையால், அதற்கு வலப்பக்க ட்ரிம் டேப்பை (பின்பலகையில் இருக்கும் சிறு தகடு) ஒரு மயிரிழை கீழே வளைத்தால் போதும், ஒரே நாளில் நிறைய வளைக்காதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம், நைட்ரோ எஞ்சின் வைத்திருப்பவர்கள் இங்கே மெல்லிய காற்றில் பலம் குறைந்து எரிபொருள் ஊசியைத் திருப்பித் திருப்பிக் கஷ்டப்படுவார்கள். மின்மோட்டருக்கு அந்தக் கவலை இல்லை, மோட்டரைக் குளிர்விக்கக் குளிர்ந்த தண்ணீர் நமக்கு லாபம்தான். ஆனால் தண்ணீரை உறிஞ்சும் குழாய் வாயில் பாசி அடைத்துக்கொள்ளும். ஓட்டுவதற்கு முன்னால் வாயால் ஊதிப் பாருங்கள், வெளித் துவாரத்தில் காற்று வர வேண்டும்.

பண்டாரவளை_செல்வி:
அண்ணன் படகைச் சொல்லிவிட்டார், நான் கையைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தோற்றதெல்லாம் கையால்தான். வளைவுக்குள்ளே போய்த் த்ரொட்டிலைக் குறைக்காதீர்கள். வளைவுக்கு முன்னாலேயே கொஞ்சம் குறைத்து, சுக்கானை மெதுவாகத் திருப்பி, பாதி வளைவிலேயே மறுபடி கொடுங்கள். மிதவையை உரசிப் போக ஆசைப்பட வேண்டாம், தவறவிட்டால் தண்டனைச் சுற்று, இரண்டு மீற்றர் தள்ளிப் போனால் அவ்வளவு இழப்பு இல்லை. தொடக்கத்தில் படகுகள் ஓடிக்கொண்டே கோட்டைத் தாண்டுகிறவை என்றால் மணி ஒலிக்கும் முன்னால் தாண்டினாலும் தண்டனைதான், ஆகவே கடைசி பத்து செக்கனை வாய்விட்டு எண்ணிப் பழகுங்கள்.

படகு நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போவது பெரிய தொல்லை. நான் சோடாப் போத்தல் இரண்டை 20 மீற்றர் இடைவெளியில் மிதக்கவிட்டு, அரை வேகத்தில் எட்டுப் போட்டே ஒரு மாதம் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் விரல் யோசிக்காமல் திரும்பியது. நாவிகா (உலக மாதிரிக் கப்பல் அமைப்பு) விதிப்படி நடக்கும் எஃப்எஸ்ஆர்-வி வகை அரை மணி நேர ஓட்டம், யார் அதிகச் சுற்று ஓடினார் என்றுதான் எண்ணுவார்கள். உங்கள் ஆறு சுற்றும் அப்படித்தான், கடைசிவரை ஓடிமுடிக்கும் படகுதான் வெல்லும்.

தோஹா_மலையகன்:
எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையில் விடியற்காலைக் குளிரில் லைப்போவுக்கு உள்தடை கூடும், ஆகவே ஓட்டும்வரை கம்பளித் தொப்பிக்குள் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வையுங்கள், அடுப்பருகே மட்டும் வேண்டாம். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றுங்கள், 3.5க்குக் கீழே இறக்காதீர்கள், ஞாயிறு மழையென்று ஓட்டாவிட்டால் 3.8க்கு இறக்கித்தான் வையுங்கள். மூடியைச் சுற்றித் கண்ணாடி மாதிரியான ஒட்டும் டேப்பை ஈரம் துடைத்த பிறகு ஒட்டுங்கள், ஈரத்தில் ஒட்டியதால்தான் எனக்கு ஒரு ரிசீவர் போனது. மூக்குக்குள் ரெஜிபோம் துண்டுகளை அடைத்தால் கவிழ்ந்தாலும் மூழ்காது. ரிசீவரின் ஆன்டெனாவைத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே நிமிர்த்துங்கள், சிக்னல் போனால் ஃபெயில்சேஃப் த்ரொட்டிலை நிறுத்துகிறதா என்று கரையிலேயே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள்.

டிக்கோயா_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே அளந்தேன். சமநிலை 24 சென்ரிமீற்றரில் நின்றது, பற்றரியை அரைச் சாண் பின்னால் தள்ளி 22க்குக் கொண்டுவந்தேன், அதற்குமேல் இடம் இல்லை. டிரைவ் டாக்கும் ஸ்ட்ரட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தன, காகிதம்கூட நுழையவில்லை! அந்த இடத்தில் பித்தளை தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. 40 புரொப் எங்கே கிடைக்கும் அக்கா?

பண்டாரவளை_செல்வி:
என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, ஹட்டன் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் அப்படியே மாட்டாதீர்கள், மெல்லிய கம்பியில் கோர்த்து எந்த அலகு கனமாகக் கீழே இறங்குகிறது என்று பார்த்து, அந்த அலகின் முதுகுப் பக்கத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருக்கும், விரலைக் கவனமாக வையுங்கள்.