மாலை வகுப்பில் ஆங்கிலம்: தமிழே பேசக் கூடாதா?

மாலைவகுப்பு:
எங்கள் ஊரில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறோம். எல்லாரும் தமிழ்வழி. புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர், வகுப்பு நேரத்தில் தமிழ் ஒரு சொல்கூட வரக் கூடாது என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. சொல்லிக் கொடுத்துப் பழகியவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சாக்பீஸ்:
அவர் சொல்வதுதான் சரி. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலப் பாடத்தையே பல இடங்களில் தமிழில்தான் நடத்துகிறார்கள். ஆங்கிலம் காதில் விழ அந்தப் பிள்ளைக்கு இருப்பது உங்கள் வகுப்பு மட்டும்தான். அமெரிக்காவில் மேக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் 1878இல் மொழிப்பள்ளி தொடங்கியபோது நடந்ததைப் பாருங்கள். பிரெஞ்சு வகுப்புக்கு ஆங்கிலம் தெரியாத ஓர் உதவியாசிரியரைச் சேர்த்தார். பெர்லிட்ஸ் உடம்பு சரியில்லாமல் படுத்து எழுந்து வந்து பார்த்தால், மாணவர்கள் பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆற்றங்கரை:
சார், பெர்லிட்ஸிடம் வந்தவர்கள் காசு கட்டி, விரும்பி வந்தவர்கள். நம்மிடம் வருகிற பிள்ளைகளில் சிலர் தமிழையே தட்டுத்தடுமாறி வாசிக்கிறார்கள். இவர்களுக்குப் பொருத்தமானவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். வங்காளத்துப் பிள்ளைகள் பலர் படிப்பைப் பாதியில் விடுவதை 1920களில் பார்த்துவிட்டு, அவர்களுக்குக் கடைசிவரை கைகொடுப்பது வாசிப்புதான் என்று வாதாடினார். புதுச்சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 சொற்கள்தான், ஆனால் சாதாரண ஆங்கில எழுத்தில் பெரும்பகுதியை அவை அடக்கிவிடுகின்றன.

நம் காலத்துக்கு வந்தால், சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். வாசிக்கும் திறனுக்கேற்பக் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். முதல் நாள் தமிழில் வாசிக்கட்டும், மறுநாள் அதே கதையை ஆங்கிலத்தில் கொடுங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் தெரியாத சொல் வந்தாலும் பிள்ளை மிரளாது.

சாக்பீஸ்:
தமிழைக் கொடுத்தால் கண் அங்கேதான் போகும். எத்தனை நோட்டுகளில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்! கிரிக்கெட் மட்டையும் 'பேட்', தட்டிக்கொடுப்பதும் 'பேட்'. எழுதிவிட்டால் வித்தியாசம் போச்சு. வாயில் ஒருமுறை தப்பாகப் பதிந்ததை மாற்ற எவ்வளவு பாடு! தமிழ் இல்லாமலே புரியவைக்க வழி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய முறையில் ஆசிரியர் 'ஸ்டாண்ட் அப்' என்று சொல்லி எழுந்து காட்டுவார், பிள்ளைகளும் எழுவார்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது, பேச வேண்டிய கட்டாயமே இல்லை.

ஆற்றங்கரை:
உச்சரிப்பைத் தமிழில் எழுதவே கூடாது, அதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. நான் தமிழ் கேட்பது பொருளுக்கு, ஒலிக்கு அல்ல. ஒலிக்கு s, a, t, i, p, n என்ற ஆறு எழுத்துகளில் தொடங்கலாம். 'sit', 'pin', 'tap' என்று உடனே சொற்கள் வந்துவிடும். மட்டையையும் தட்டிக்கொடுப்பதையும் பிரித்துக் காட்ட, வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். தட்டிக்கொடுக்கும் 'பேட்'டுக்குத் தாள் நன்றாக அசையும், மட்டைக்கு அவ்வளவாக அசையாது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் 'அன்லெஸ்', 'ஆல்தோ' எல்லாம் எப்படி எழுந்து நின்று காட்டுவீர்கள்? ஒரு தமிழ் வாக்கியம் சொன்னால் நொடியில் முடிகிற வேலை. மிச்சமாகிற நேரத்தில் அதே சொல்லை வைத்து ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசவைக்கலாமே.

கடைசிபெஞ்ச்:
நான் தமிழ்வழியில் படித்து பொறியியல் சேர்ந்தவன். முதல் வருடம் ஒரு வகுப்பில் ஆங்கிலத்தில் தப்பாகக் கேட்டதற்குச் சிரித்தார்கள். அதற்கப்புறம் சந்தேகமே கேட்கவில்லை, புரியாமலே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்த அக்கா வேறு மாதிரி. நான் தமிழில் கேட்கலாம், அவங்க ஆங்கிலத்தில் பதில் சொல்வாங்க. அதுவும் புரியவில்லை என்றால்தான் தமிழ். தமிழே கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

சாக்பீஸ்:
தம்பி, பிள்ளை தமிழில் கேட்கட்டும், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆசிரியர் தமிழுக்கு வரக் கூடாது என்பதுதான் என் பேச்சு. ஒரு சொல்லுக்கு என்று ஆரம்பித்து அரை வகுப்பு தமிழிலேயே ஓடுவதை எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று. ஆற்றங்கரை சொல்கிற கட்டுப்பாடு எல்லாருக்கும் வராது.

மாலைவகுப்பு:
சரி, கதைகளை அச்சடித்து வகுப்பில் கொடுத்துப் பார்க்கிறேன். எழுந்து, உட்கார்ந்து செய்கிற பயிற்சியைப் புதியவரிடமே விட்டுவிடலாம். ஏழாம் வகுப்புக்கு எந்த நிலையில் தொடங்குவது?

ஆற்றங்கரை:
முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள். சின்னப் பிள்ளைக் கதை என்று கூச்சப்படுவார்கள். அதனால் வீட்டில் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.