தங்கச்சிய விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேக்கலாமா, இல்ல நேரா சினிமா ஃபீல்டுக்கு அனுப்பலாமா?

கொமாரபாளையம்_சரவணன்:
வணக்கம்ங்க எல்லாத்துக்கும். என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சுட்டா, 600க்கு 511. அப்பா பி.காம் சேரச் சொல்றாரு, அவ சினிமா டிவி சம்பந்தமாத்தான் படிப்பேன், அதுலயும் சவுண்ட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க வீட்ல ஆறு தறி ஓடுதுங்க, அந்தச் சத்தத்துல பொறந்து வளந்தவ, ராத்திரி கரண்ட் போயி தறி நின்னா நாங்கல்லாம் தூங்கிட்டு இருப்போம் அவ மட்டும் முழிச்சுக்குவா. ரெண்டு வருஷமா போன்ல கண்டதையும் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கா, நாடா அடிக்கிற சத்தம், மழை தகரத்துல விழுகறது, ஆத்தா வெத்தல இடிக்கிறது எல்லாம். கோயமுத்தூர்ல ஒரு தனியார் காலேஜ்ல விஸ்காமுக்கு வருஷம் 1,10,000 கேக்கறாங்க, ஹாஸ்டல் தனி. கட்டலாம், ஆனா கடன் வாங்கித்தான் கட்டணும். மாமா ஒருத்தரு, காலேஜ்ல என்னத்த சொல்லித்தரப் போறாங்க, நேரா யார்கிட்டயாச்சும் அசிஸ்டென்ட்டா சேத்து வுடுங்கறாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அசோசியேட்_முத்து:
உங்க மாமா சொல்றதுதான் தம்பி சரி. நான் உசிலம்பட்டில இருந்து வந்து 11 வருஷம் ஆச்சு, இப்ப அசோசியேட் டைரக்டர். மணிரத்னம் படிச்சது எம்பிஏ, கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினியரிங், லோகேஷ் கனகராஜ் பேங்க்ல வேலை பாத்தவரு. பாரதிராஜா புட்டண்ணா கணகல்கிட்ட இருந்து வந்தாரு, பாரதிராஜாகிட்ட பாக்யராஜ், பாக்யராஜ்கிட்ட பார்த்திபன், பாண்டியராஜன். இது கைமாத்தி கைமாத்தி வர்ற தொழில்யா. எனக்கு மொத படத்துல குடுத்த வேலை கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்ல இருந்தது அடுத்த ஷாட்லயும் அப்படியே இருக்கான்னு பாக்கறது. டைனிங் டேபிள் சீன், மதியம் எடுத்த ஷாட்ல தண்ணி டம்ளர் பாதிக்கு இருந்துச்சு, சாயங்காலம் க்ளோஸப் எடுக்கறப்ப முக்கா டம்ளர் இருக்கு, நான் கவனிக்கல, ஷாட் ஓகே ஆகி லைட்ட கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க அப்புறம்தான் பாத்தேன். டைரக்டர்கிட்ட போயி சொல்லிட்டேன், திரும்ப லைட் போட்டு எடுக்க ஒரு மணி நேரம், யூனிட்ல அத்தன பேரும் என்னையே பாத்தாங்க. அன்னைக்கு கத்துக்கிட்டத எந்த கிளாஸ்ரூமும் சொல்லித்தராது. மூணு லட்சத்த மிச்சம் பண்ணி தங்கச்சி பேர்ல போட்டு வைங்க.

சவுண்ட்_ஜான்சி:
முத்து அண்ணே, நீங்க சொன்ன பேர் அத்தனையும் டைரக்டர். இந்தப் பொண்ணு கேட்டது சவுண்ட். கேமரா பக்கம் பாருங்க, பி.சி.ஸ்ரீராம், ராஜீவ் மேனன் ரெண்டு பேரும் அடையார் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்சவங்க. பாலு மகேந்திரா பூனா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல ஒளிப்பதிவு படிச்சு தங்கப்பதக்கம் வாங்கினவரு. ரசூல் பூக்குட்டி ஃபிசிக்ஸ் முடிச்சுட்டு பூனா போயி சவுண்ட் படிச்சாரு, 1995ல வெளிய வந்தாரு, 2009ல ஆஸ்கர். டைரக்ஷனே எடுத்துக்கிட்டாலும் 1986ல ஊமை விழிகள் படம் வந்துச்சே, அது மொத்தமும் அடையார் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க சேந்து செஞ்ச வேலை. அதுக்கப்புறம்தான் அங்க படிச்சவன நம்பி பணம் போடலாம்னு புரொடியூசர்களுக்கு தைரியமே வந்துச்சு.

நான் படிச்சது சவுண்ட். மொத வாரம் எங்க சார் மைக்கையே தொட விடல. பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காந்து என்னென்ன கேக்குதுன்னு எழுதச் சொன்னாரு. நான் நாலு எழுதினேன், ஃபேன், காக்கா, ரோட்ல பஸ், யாரோ இருமுறது. அவரு எழுதினது பத்தொன்பது. அதுல ஒண்ணு, ரெண்டு ரூம் தள்ளி ஆபீஸ் ஃப்ரிட்ஜ் ஓடி நின்னது. அது நின்னப்புறம்தான் அது ஓடிட்டு இருந்ததே தெரியும், அந்த இடத்துல டயலாக்க வெட்டினா சத்தம் ஜம்ப் ஆகும், அதனாலதான் ஒவ்வொரு லொகேஷன்லயும் ஆள் பேசாத வெறும் ரூம் டோன ஒரு நிமிஷமாச்சும் எடுத்து வெக்கணும்னு சொன்னாரு. செட்ல யாருண்ணே எனக்கு பத்து நிமிஷம் கண்ண மூட நேரம் குடுப்பாங்க?

சரவணன், ராத்திரி தறி நின்னா உங்க தங்கச்சி முழிச்சுக்கிறான்னு எழுதியிருக்கீங்க, அத ரெண்டு தடவ படிச்சேன். அவளுக்கு அந்தக் காது இருக்கு.

விஸ்காம்_2016:
அக்கா நீங்க படிச்ச இடம் வேற, ஊருக்கு ரெண்டு விஸ்காம் தொறந்து வெச்சிருக்கற இடம் வேற. நான் படிச்ச காலேஜ் பேர் வேண்டாம். பிராஸ்பெக்டஸ்ல நாலு கேமரா போட்டோ போட்டிருந்தாங்க, உள்ள போனா ரெண்டு, அதுல ஒண்ணு பேட்டரி நிக்காது. நல்லா இருக்கற கேமரா பச்சை பீரோக்குள்ள, சாவி ஹெச்ஓடிகிட்ட, மூணு கையெழுத்து வாங்கினா ரெண்டு மணி நேரம் குடுப்பாங்க, 60 பேருக்கு. ஒரு வருஷம் பூரா ட்ராயிங்கும் கம்யூனிகேஷன் தியரியும். ட்ராயிங் வேண்டாம்னு சொல்லல, ஃபிரேமுக்கு கண்ணு அதுலதான் பழகுச்சு. ஆனா சவுண்டுக்குன்னு ஒரே ஒரு பேப்பர், அதுக்கு வந்த சார் பிபிடில மைக் படம் காமிச்சாரு. மூணு வருஷத்துல நெஜ மைக்க நான் கையில புடிக்கல. இன்னமும் லோன் கட்டிட்டு இருக்கேன். வயித்தெரிச்சல்லதான் எழுதறேன், பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த பீரோவ தொறந்து காமிக்கச் சொல்லுங்க ப்ளீஸ்.

அசோசியேட்_முத்து:
இதத்தான் நானும் சொல்றேன். ஜான்சிம்மா, நல்ல இன்ஸ்டிட்யூட்ல சீட்டு எத்தன பேருக்கு கிடைக்கும்? மிச்சப் பிள்ளைங்க பூரா இந்த பச்சை பீரோலதான போய் மாட்டுதுங்க.

ஃபோகஸ்_ராஜா:
நான் முத்து அண்ணன் கட்சியிலதான் இருந்தேன், காலேஜ் பக்கம் போனதில்ல, லைட்மேனா வந்து கேமரா அசிஸ்டென்ட் ஆனவன். ட்யூப்லைட் இருக்கற இடத்துல எடுத்தா கேமரா ஷட்டர் 172.8 டிகிரி போடுன்னு சீனியர் சொன்னாரு, ஏழு வருஷம் அப்படியே போட்டேன், ஒரு நாளும் தப்பு வரல. ஒரு பாட்டுக்கு அமெரிக்கா போனோம், சூப்பர் மார்க்கெட் உள்ள ஷூட்டிங், அதே 172.8 போட்டேன், மானிட்டர்ல லைட்டு பூரா துடிக்குது. எனக்கு கை ஓடல. கூட இருந்த இன்ஸ்டிட்யூட் பையன், என்னைவிட பத்து வயசு சின்னவன், 144 போடுங்கண்ணேன்னு மெதுவா காதுல சொன்னான். போட்டேன், நின்னுடுச்சு. ராத்திரி ரூம்ல உக்காத்தி வெச்சு கேட்டேன். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மின்னும், செகண்டுக்கு 24 ஃபிரேம்ல 172.8னா ஒரு ஃபிரேமுக்கு சரியா 50ல ஒரு பங்கு செகண்ட், அதாவது ரெண்டு மின்னு முழுசா விழும். அங்க 60 ஹெர்ட்ஸ், அதனால 60ல ஒரு பங்குக்கு 144ன்னு பேப்பர்ல கணக்கு போட்டு காமிச்சான். ஏழு வருஷமா நான் வெறும் நம்பரத்தான் தெரிஞ்சு வெச்சிருந்தேன். அன்னைல இருந்து படிச்சவன் படிக்காதவன் சண்டைல நான் வாய தொறக்கறதில்ல, இந்தத் தம்பிக்காக எழுதறேன்.

அசோசியேட்_முத்து:
ராஜா, அந்தப் பையன் அத இன்ஸ்டிட்யூட்ல கத்துக்கிட்டான், நீ அவன்கிட்ட ஒரே ராத்திரில செட்லயே கத்துக்கிட்டியே, அதுக்கு என்ன சொல்ற? பாலு மகேந்திராவும் அப்படித்தான், அவர் பூனால படிச்சாரு சரி, பாலா, வெற்றிமாறன், ராம்லாம் பூனாவா போனாங்க? அவர்கிட்ட வந்து கத்துக்கிட்டாங்க. எடிட்டிங்ல ஸ்ரீகர் பிரசாத் அவங்க அப்பா பக்கத்துல நின்னு கத்துக்கிட்டவரு, எத்தன நேஷனல் அவார்டு.

சவுண்ட்_ஜான்சி:
ஒத்துக்கறேன் அண்ணே. ஆனா பாலு மகேந்திரா மாதிரி உக்காத்தி வெச்சு சிறுகதை படிக்கச் சொல்லி, படிச்சத எழுதி வாங்கற குரு எத்தன பேர் இப்ப? ஸ்ரீகர் பிரசாத்துக்கு அப்பா எடிட்டர். தறி ஓட்டற வீட்டுப் பொண்ணுக்கு யாரு? அப்பா மாமா யாரும் இல்லாதவங்களுக்குத்தான் காலேஜ் வேணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க வந்த புதுசுல எங்க தங்கினீங்க? சென்னை சாலிகிராமத்துல ஒரு ரூம்ல எட்டு பேரு, சம்பளம் இல்லாம, தினப் பேட்டாவ நம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்கஷன் முடிஞ்சு நடந்தே ரூமுக்கு வருவோம்னு எல்லா அசிஸ்டென்ட் அண்ணனுங்களும் பெருமையா சொல்வீங்க. 18 வயசுப் பொண்ண அந்த ரூமுக்கா அனுப்ப சொல்றீங்க? நேரா ஃபீல்டுக்கு வாங்கறது ஆம்பளப் பசங்களுக்கு மட்டும் தொறந்திருக்கற கதவு. நான் இன்னைக்கு ராத்திரி ஷூட் போறேன்னா என் கூட படிச்ச நாலு பேரு அதே யூனிட்ல இருக்கறதாலதான் எங்க அம்மா தூங்குது.

அசோசியேட்_முத்து:
அந்த ரூம் விஷயம் நெஜம். எங்க டீம்ல 11 வருஷத்துல ரெண்டே பொண்ணுங்கதான் வந்தாங்க, ஒருத்தி மூணு மாசத்துல போயிருச்சு, ஏன்னு நான் கேட்டதில்ல. கேட்டிருக்கணும்.

எடிட்_பானு:
எல்லாரும் சினிமா சினிமான்னே பேசறீங்க, மாசாமாசம் சம்பளம் வர்ற வேலை அதிகம் டிவிலயும் ஓடிடிலயும் விளம்பரத்துலயும்தான் இருக்கு. நான் சீரியல் எடிட் பண்றேன், வாரத்துக்கு ஆறு எபிசோட் போகணும், சாயங்காலம் ஃபுட்டேஜ் வந்தா மறுநாள் டெலிவரி. இந்த வேகத்துல யாரும் பக்கத்துல உக்காந்து சொல்லித்தர மாட்டாங்க, அடிப்படை தெரிஞ்சு வர்ற பிள்ளைதான் நிக்கும். சரவணன் தம்பி, சென்னை தரமணில எம்.ஜி.ஆர் பேர்ல இருக்கற அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பத்தி விசாரிச்சீங்களா? ப்ளஸ் டூ முடிச்சே சேரலாம், நாலு வருஷ பி.வி.ஏ (விஷுவல் ஆர்ட்ஸ்) டிகிரி, ஒலிப்பதிவுக்குன்னே தனி கோர்ஸ், தனியார் காலேஜ் ஃபீஸுக்குப் பக்கத்துல கூட வராது. அது கிடைக்கலனா பக்கத்துலயே ஏதாச்சும் ஃபிசிக்ஸ் டிகிரி முடிக்கட்டும், அப்புறம் பூனாவோ கல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட்டோ, ரெண்டுக்கும் டிகிரி முடிச்சாத்தான் எழுத முடியும். கடன் வாங்கி அவசரமா எங்கயும் கட்டாதீங்க.

கொமாரபாளையம்_சரவணன்:
எல்லாத்தையும் அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் படிச்சுக் காமிச்சேன்ங்க. நேத்து கோயமுத்தூர் காலேஜுக்கு மூணு பேரும் போனோம். சவுண்ட் லேப் பாக்கணும்னு கேட்டோம், சாவி வெச்சிருக்கறவரு லீவுன்னாங்க. கேமரா ரூம்? அதுக்கும் அவரே. தங்கச்சி விடல, கிளாஸ்ல இருந்த ரெண்டு சீனியர் அக்காகிட்ட மைக் எப்பங்க குடுப்பாங்கன்னு கேட்டா, அவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்தாங்க. அப்பா எதுவும் பேசல, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தப்புறம், பீஸ் கட்ட வேண்டாம் அந்த தரமணி ஃபாரம் எப்பன்னு கேளுன்னாரு. கிடைக்கலீன்னா ஈரோட்ல பி.எஸ்சி ஃபிசிக்ஸ், அதுக்கு அவளும் சரின்னுட்டா.

ஜான்சி அக்கா, அவ ரெக்கார்ட் பண்ணுனதுல தறி ஒவ்வொண்ணா நின்னு கடைசி தறியும் நிக்கறது ஒண்ணு இருக்கு, மூணு நிமிஷம். உங்களுக்கு அனுப்பலாமான்னு கேக்கச் சொன்னா.

சவுண்ட்_ஜான்சி:
அனுப்பச் சொல்லுங்க. வெட்டாம அப்படியே அனுப்பணும், நின்னப்புறம் இருக்கற அமைதியும் சேத்து.

அசோசியேட்_முத்து:
சரவணன், காலேஜ் விஷயத்துல என் எண்ணம் இன்னும் மாறல. ஆனா அடுத்த மாசம் எங்க படத்துக்கு சவுண்ட் மிக்சிங் நடக்குது, பகல்லதான். நீயும் அப்பாவும் தங்கச்சிய கூட்டிட்டு மூணு நாள் வந்து உக்காருங்க, நான் சொல்லி வெக்கறேன். அங்க உக்காந்து பாத்துட்டு அவளே முடிவு பண்ணட்டும்.