சூரியனைப் பார்க்க எந்த டெலஸ்கோப்?

குழு: பெங்களூரு சொந்தங்கள்

சித்தி (ஜெயநகர்): நேரு கோளரங்கம் போய்வந்ததிலிருந்து பாப்பாவுக்குச் சூரியன் மேல் தெரிகிற கரும்புள்ளிகளைப் பற்றிய பேச்சுதான். ஒரு டெலஸ்கோப் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். 12,000 ரூபாய்க்குள் கிடைக்குமா?

அண்ணன்: இந்த லிங்கைப் பாருங்கள் சித்தி. 3,500 ரூபாய்தான். 525 மடங்கு பெரிதாகக் காட்டுமாம், சன் ஃபில்டரும் கூடவே வருகிறதாம்.

நான்: அண்ணா, அது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த ஃபில்டரைக் கண் வைக்கிற ஐபீஸில் திருகி மாட்டுவார்கள். முன்லென்ஸ் குவிக்கிற சூடெல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடி மேல்தான் இறங்கும். பட்டென்று விரிசல் விட்டால் கண்ணை எடுக்கக்கூட நேரம் இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை போனதே அப்புறம்தான் தெரியும்.

சித்தி: ஐயோ! அப்போ எதை வாங்குவது?

நான்: 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள சாதாரண ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த டெலஸ்கோப், போதும் சித்தி. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு, முழுச் சூரியனும் தெரியும். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு. பெரிய புள்ளியின் கருப்பு நடுவும் சுற்றியுள்ள சாம்பல் ஓரமும் தனித்தனியாகத் தெரியும். ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறதா என்று கடையிலேயே தொட்டுப் பாருங்கள்.

நான்: மீதிப் பணத்தில் பாடர் ஆஸ்ட்ரோசோலார் ஃபிலிம் வாங்குங்கள்; குழாயின் முன்னால் மாட்டுகிற சூரிய ஃபில்டர் அது, ஏ4 அளவுத் தாளாக வரும். ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் அளவு) 5.0 என்று போட்டிருக்க வேண்டும்; லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். 3.8 என்றால் படம் எடுக்க மட்டும், கண்ணால் பார்க்கக் கூடாது.

பெரியப்பா: 1980 கிரகணத்தை நாங்கள் எக்ஸ்ரே படம் வைத்துப் பார்த்தோமேப்பா. தெருவே பார்த்தது.

நான்: இனி வேண்டாம் பெரியப்பா. கூச்சம் குறைவதால் பத்திரம் என்று நினைத்துவிடுவோம், கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிரகணக் கண்ணாடியும் வெறும் கண்ணுக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பில் பார்த்தால் அதுவே பொசுங்கிவிடும்.

சித்தி: இந்த ஃபிலிமை எங்கே ஒட்டுவது?

நான்: குழாயின் முன்வாய்க்கு அட்டையில் மூடி மாதிரி செய்து, இரண்டு வளையத்துக்கு நடுவில் ஃபிலிமை வையுங்கள். இழுத்துக் கட்ட வேண்டாம், சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. காற்றில் கழன்றுவிடாமல் டேப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருக்கிற ஃபைண்டரை (குறி பார்க்கிற குட்டி டெலஸ்கோப்) கழற்றி வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தரையில் விழும் குழாயின் நிழல் எப்போது மிகச் சின்னதாகிறதோ, அப்போது அது சூரியனை நோக்கி நிற்கிறது.

சித்தி: படங்களில் வருகிற நெருப்பு நாக்கு தெரியுமா என்று கேட்கிறாள்.

நான்: இதில் தெரியாது. அதற்கு 656.28 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடுகிற ஹைட்ரஜன் ஆல்ஃபா டெலஸ்கோப் வேண்டும், விலை பல மடங்கு. ஆனால் பாப்பா தினமும் ஒரு வட்டம் போட்டுப் புள்ளிகளைக் குறிக்கட்டும். ஒரு புள்ளி ஓரத்துக்கு ஓரம் நகர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். சூரியன் சுற்றுவதை அவளே கண்டுபிடித்துவிடுவாள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். அந்த ஆய்வகத்தை நடத்துவது நம் கோரமங்களாவில் இருக்கிற வானியற்பியல் நிறுவனம்தான்.

பெரியப்பா: மூடியை நான் செய்து தருகிறேன் பாப்பாவுக்கு. குழாயின் விட்டம் மட்டும் அளந்து அனுப்பும்மா.

நான்: காலையிலேயே பாருங்கள் சித்தி, மொட்டைமாடி சூடேறினால் பிம்பம் தளும்பும். பெரியவர் யாராவது மூடியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் கண்ணை வைக்க வேண்டும்.

சித்தி: சரிப்பா. முதலில் ஃபிலிமுக்கு ஆர்டர் போடுகிறேன். அது வந்த பிறகு டெலஸ்கோப்.