அதே புளியமரம் திரும்பத் திரும்ப வரும் காடு: கேமில் வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

குடியாத்தம்_ராந்தல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி கடை சாத்தியபிறகு, கேம் செய்ய உதவும் 'கோடாட்' என்ற மென்பொருளில் சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். காணாமல் போன ஆட்டைத் தேடி ஒரு சிறுமி ஜவ்வாது மலைக்குள் போகிறாள். வழியில் ஒரு காடு. நடுவில் புளியமரம், நாலு பக்கமும் பாதை. சரியான பக்கமாக நாலு முறை தொடர்ந்து போனால் வெளியே வரலாம். ஒரு முறை தப்பினாலும் முதல் மரத்துக்கே வந்துவிடுவாள்.

நேற்று தங்கச்சியிடம் போனைக் கொடுத்து விளையாடச் சொன்னேன். பதினோராவது சுற்றில் போனைப் பாயில் வைத்துவிட்டு, "அண்ணா, இது எங்கயோ கெட்டுப் போச்சு, ஒரே இடமே வருது" என்றாள். காடு அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு இந்த மாதிரி இடங்கள் மேல் தனிப் பிரியம். சின்ன வயதில் வேலூர் லாங்கு பஜாரில் அப்பா ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார், மஞ்சள் கேசட்டோடு. அதில் மரியோவின் 4-4 கோட்டை, அதாவது நாலாவது உலகத்தின் நாலாவது கட்டம். மேல் வழி, கீழ் வழி என்று பிரியும். தப்பாகப் போனால் அதே சுவர், அதே நெருப்பு மறுபடியும் வரும். பாதியில் கரண்ட் போனால் 1-1இலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மே மாத மத்தியானம் அந்தக் கோட்டையைத் தாண்டியபோது வீட்டில் யாருமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வெயிலில் தெருவுக்கு ஓடினேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் இந்தக் காட்டில் வைக்க நினைத்தேன். ஆனால் தங்கச்சி முகத்தில் அது வரவில்லை. காட்டை எடுத்துவிடலாமா?

சத்துவாச்சாரி_சரவணன்:

எடுக்க வேண்டாம், ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். நாலு பக்கம், நாலு திருப்பம். எந்தத் திருப்பத்தில் தப்பினோம் என்று காடு சொல்லாவிட்டால் 256 வழிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சரியா தப்பா என்று தெரிந்தால், அதிகம் போனால் பதினாறு முயற்சி போதும். உங்கள் தங்கச்சி பதினோரு சுற்று சுற்றியும், அதில் ஒரு சுற்றுகூட அவருக்கு எதையும் கற்றுத் தரவில்லை. கோபம் நியாயம்தான்.

நீங்கள் சொன்ன மரியோவே சாட்சி. 1985இல் வந்த அந்தக் கேசட் மொத்தமே 40 கிலோபைட். இருக்கிற இடத்தையே திரும்பக் காட்டினால் சின்னக் கோட்டையும் பெரிசாகும். 1993இல் அதே ஆட்டம் சூப்பர் நின்டெண்டோ என்ற டிவி கேம் பெட்டிக்குத் திரும்ப வந்தபோது சரியான வழிக்கு ஒரு மணியோசையும் தப்புக்கு வேறு ஒலியும் சேர்த்தார்கள். கோட்டை அதே கோட்டைதான், ஒரு ஓசை கூடியதும் ஆட்டமே மாறிவிட்டது.

ராணிப்பேட்டை_பெரியவர்:

தம்பி, நான் வேறு மாதிரி சொல்வேன். 1990 வாக்கில் கல்லூரி லேபில் 'கொலோசல் கேவ்' என்ற, படமே இல்லாமல் திரையில் எழுத்து மட்டும் வரும் விளையாட்டை ஆடினோம். வில் குரோதர் எழுதியதை 1977இல் டான் உட்ஸ் பெரிதாக்கினார். அதில் ஒரு குகைச் சிக்கல் உண்டு, எந்த அறைக்குப் போனாலும் அதே வரிதான் வரும். கையில் இருக்கும் பொருளை ஒவ்வொரு அறையிலும் ஒன்றாகப் போட்டுவிட்டு வர வேண்டும். மறுபடி அந்தப் பொருளைப் பார்த்தால் 'இங்கே ஏற்கெனவே வந்தோம்' என்று தெரியும். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வரைந்த வரைபடம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. விளையாட்டை விட அந்தத் தாள்தான் எனக்குப் பெரிசு. அந்தச் சிறுமியின் மடியில் கொஞ்சம் புளியம்பழம் கொடுங்கள், வழியில் போட்டுக்கொண்டே போகட்டும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஆரணி_மேய்ச்சல்:

தம்பி, நான் ஆடு வளர்க்கிற வீட்டில் வளர்ந்தவள். உங்கள் கேமில் தேடுவது ஆட்டை. ஆடு எப்படிச் சத்தமே இல்லாமல் இருக்கும்?

சாயங்காலம் ஒன்று குறைந்தால் நாங்கள் முதலில் நின்று காது கொடுப்போம். கழுத்து மணி கேட்கும். கேட்காவிட்டால் கூப்பிடுவோம், பழகின குரலுக்கு அது பதில் கத்தும். அப்புறம் தரையைப் பார்ப்போம். புதுப் புழுக்கை பளபளவென்று கறுப்பாக இருக்கும், காய்ந்தது மங்கிவிடும். செடியில் நுனித் தழை மட்டும் கடிபட்டிருக்கும், அதுவும் பின்னங்காலில் நின்று எட்டுகிற உயரம் வரைக்கும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நீங்கள் வெறும் மரத்தைக் காட்டினால், அந்தப் பெண் ஆடு மேய்த்தவள் என்று நான் எப்படி நம்புவது?

செல்டா என்ற வீடியோ கேம் வரிசையில் இதே மாதிரி ஒரு காடு உண்டு. 1986இல் வந்த முதல் ஆட்டத்தில் வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்று போக வேண்டும். அந்த வழியை ஒரு கிழவியிடம் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். 1998இல் வந்ததில் சரியான பக்கம் போனால் பாட்டு பலமாகும். 2017இல் வந்ததில் கையில் இருக்கும் பந்தத்தின் தீப்பொறி காற்றில் எந்தப் பக்கம் பறக்கிறதோ அதுதான் வழி. மூன்றில் எனக்குப் பிடித்தது பந்தம்தான். காசு கொடுத்துக் கேட்டதை அப்படியே ஒப்பிப்பதற்கும், தீப்பொறியைக் கண்ணால் பார்த்து நடப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

காட்பாடி_பஸ்:

அக்கா சொன்னது சரிதான், ஆனால் நாங்கள் பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் விளையாடுவோம். தழையும் புழுக்கையும் கட்டாயம் வேண்டும்.

குடியாத்தம்_ராந்தல்:

நாலு ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன். கூப்பிட ஒரு பட்டன் வைத்தேன், அழுத்தினால் சிறுமி "பா... பா..." என்பாள். ஆடு பதில் கத்தும், அந்தப் பக்கம் ஒரு செடி அசையும், போனும் லேசாக அதிரும். முதல் மரத்தடியில் பதில் தெளிவாக வரும். போகப் போகக் காற்று அடிக்கும், குரல் மங்கும். அங்கே தழையைத்தான் பார்க்க வேண்டும். தப்பாகப் போனால் மணி ஓசை தேய்ந்துகொண்டே போய், அப்புறம்தான் பழைய மரம் வரும். பெரியவர் ஐயா, புளியம்பழமும் போட்டிருக்கிறேன், மடியில் ஆறு.

ஒரு சிக்கல் பாக்கி. நிறைய போன்களில் ஒரே ஸ்பீக்கர், இடம் வலம் பிரியாது. அதனால் சிறுமி முகம் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப ஓசையைக் கூட்டிக் குறைக்கிறேன். வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

தங்கச்சி நாலாவது சுற்றில் வெளியே வந்துவிட்டாள். போனைத் திருப்பித் தரவில்லை. மறுபடி காட்டுக்குள்ளே போய், வேண்டுமென்றே தப்பான பக்கம் நடந்து, ஆடு எங்கிருந்தெல்லாம் கத்துகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.